நாக்குக்கு வந்த உப்பு

செவ்வாய், இரவு.

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. கீமோ தொடங்கியதிலிருந்து மரத்துப்போயிருந்த நாக்கில் இன்று ருசி தெரிந்தது! பண்டமாரான் பாசாரில் வாங்கிய மீனில் குழம்பு வைத்து, உள்ளங்கையில் விட்டு நக்கினேன். ஒரே உப்பு. துப்பிவிட்டேன்.

இத்தனை நாளும் இதையா எல்லோரும் சாப்பிட்டார்கள்? வீட்டுக்காரரிடம் கத்தினேன்.

"மாருல ஆப்ரேஷன் பண்ண ஒடம்போட நின்னு சமைக்கிறா, யாரும் வாயத் தொறக்காதீங்கன்னு அம்மா சொல்லிட்டாங்க லா," என்றார்.

மாமியாரா? கல்யாணமான நாளிலிருந்து என் குழம்பில் குறை சொல்லாமல் ஒரு வேளைகூடச் சாப்பிடாதவர்! அதுவும் பிரஷர்காரர். நாளை கிளினிக்குக்கு அழைத்துப்போக வேண்டும்.

குழம்பில் தண்ணீரும் புளியும் சேர்த்துக் கொதிக்கவைத்துப் பரிமாறினேன். "அத்தே, எனக்கு ருசி வந்துடுச்சு!"

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப இனிமே சொல்லலாம். உப்பு பத்தல."