ஆட்சேபம் இருந்தால்

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

எலி எழுதுவது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "மீட்டிங்ல இருக்கேன்டி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். உன் ஆபீசுக்குப் புரிகிற மொழியும் அதுதானே.

வாண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய கையை இன்னும் மார்போடு அணைத்தே வைத்திருக்கிறாள், யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல். இப்போது பக்கத்தில்தான் தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று வரிக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எங்க தண்ணி குடிக்கிறா?" வீட்டில் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம். மிச்சம் பள்ளிக்கூடம். அவள் வகுப்பில் மட்டும் ஏழெட்டுப் பிள்ளைகள் இதே வயிற்றுப்போக்கோடு படுத்திருக்கிறார்கள். ஆயாவைக் கேட்டேன். குடிநீர் மெஷின் கம்பெனிக்காரன் வைத்தது, தன் வேலை வெளியே துடைப்பது மட்டும் என்றார். தலைமை ஆசிரியை நகராட்சியைக் கேட்கச் சொன்னார். நகராட்சியை முறைப்படி, தகவல் கேட்டு விண்ணப்பம் போட்டே கேட்டேன். ஃபில்டரை எப்போது மாற்றினார்கள், தண்ணீரைச் சோதித்ததில் என்ன வந்தது. இரண்டே கேள்வி. உன்னிடம் சொல்லாமல்தான் போட்டேன். அக்கா தயவில் வாங்கினாள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாதாம். எனக்கு எவ்வளவு ரோஷம் பார்.

பதில் நேற்று வந்தது. ஒப்பந்தத்தின் நகல், பக்கம் பக்கமாகக் கறுப்பு மைப் பட்டை. பட்டைக்கு வெளியே தப்பித்தது "குடிநீர்" என்ற சொல்லும் பக்க எண்களும்தான். "ஒப்பந்ததாரரின் வணிக நலனைப் பாதிக்கும் என்பதால் தகவல் மறுக்கப்படுகிறது." நான் வேதியியல் படித்தவள் அக்கா. தண்ணீரின் தயாரிப்பு ரகசியம் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு. அதற்கு மேல் அதில் என்ன கிடந்தது என்பதுதான் என் கேள்வி.

கடைசிப் பக்கத்தில் பொதுத் தகவல் அலுவலரின் கையெழுத்து. முதலெழுத்தின் வாலைச் சுழித்து, கீழே இரண்டு புள்ளி. அம்மா போன பிறகு என் ரேங்க் கார்டில் மாதாமாதம் போட்டாயே, அதே கையெழுத்து. நான் கணக்கில் தோற்று, அப்பாவிடம் காட்டப் பயந்து நின்றபோதும் ஒன்றும் கேட்காமல் போட்டுக்கொடுத்தாயே, அது. அதை என் பிள்ளைக்கு எதிராக நான் பார்க்க வேண்டியதாயிற்று.

விண்ணப்பத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் போட்டாயா? இதையாவது மை பூசாமல் சொல்.

கோபத்தோடு, இருந்தாலும் அன்போடு,
எலி

*

ஜூலை 15

அன்புள்ள எலிக்கு,

வாண்டு எப்படி இருக்கிறாள்? ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். முகம் சுண்டிப்போய்க் கிடந்தது. அதற்குப் பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நம்புவாயா தெரியவில்லை.

உன் பெயரைப் பார்த்துத்தான் போட்டேன். வேறு யார் பெயராக இருந்தாலும் அதையேதான் போட்டிருப்பேன். தங்கை என்பதற்காக ஒரு மாதிரி, ஊராருக்கு ஒரு மாதிரி என்றால் அந்த நாற்காலியில் நான் எதற்கு?

நடைமுறையைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. கேட்கப்படும் தகவல் மூன்றாம் தரப்பு ஒருவருடையது என்றால், அவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். "இதை வெளியிட உத்தேசித்துள்ளோம், ஆட்சேபம் இருந்தால் பத்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்." கம்பெனிக்குக் கொடுத்தோம். ஆட்சேபித்தார்கள். சோதனை அவர்கள் செலவில் நடந்தது, ஒப்பந்தப்படி ரகசியம், வெளியே போனால் மற்ற ஊர் டெண்டர்களில் போட்டிக்காரர்கள் அதை வைத்தே தங்களைக் கவிழ்த்துவிடுவார்கள் என்கிறார்கள். இதில் ஒரேயடியாக நியாயம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொடுத்த வாக்கை நகராட்சி மீறினால் நாளைக்கு நல்ல கம்பெனிகூட டெண்டர் போட வராது. பொதுநலன் பெரிது என்றால் ஆட்சேபத்தை மீறியும் கொடுக்கலாம்தான். அதை முடிவு செய்ய மேலே ஆட்கள் இருக்கிறார்கள். நீ மேல்முறையீடு செய். நானே படிவம் அனுப்புகிறேன்.

இன்னொன்று. திட்டாமல் இருக்க முடியவில்லை. பிறந்தநாளுக்கு அவளுக்கு அவ்வளவு பெரிய ஃப்ளாஸ்க் வாங்கிக் கொடுத்தேனே, அதை ஏன் கொடுத்தனுப்பவில்லை? பள்ளிக்கூடத்தில் இதில்தான் குடிக்கணும், வேறெதிலும் வாய் வைக்கக் கூடாது என்று உன் முன்னால்தானே சொன்னேன்? நீ எப்பவுமே இப்படித்தான், அரைக்காதில் கேட்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 17

அக்கா,

ஃப்ளாஸ்க் மூடியின் வாஷர் போன மாதம் தொலைந்துபோனது. பை முழுக்க ஈரமாகிறது என்று வாண்டு அழுதாள். பள்ளியில்தான் சுத்திகரித்த தண்ணீர் இருக்கிறதே, எதற்கு வீண் சுமை என்று நான்தான் அதை அலமாரியில் வைத்தேன். அடுத்த வாரமே படுத்தாள்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பிறந்தநாள் மார்ச்சில். கேக் வெட்டும்போது வாண்டுவின் தாடையைப் பிடித்துத் திருப்பி நீ சொன்னதைக் கேட்டு இவர் சிரித்தார். "உங்கக்கா என்ன, ஃப்ளாஸ்க்குக்குப் போய்ச் சத்தியம் வாங்கிக்கிறாங்க." நானும் சிரித்தேன். அக்காவுக்கு எதையும் உத்தரவாகத்தான் சொல்ல வரும் என்றேன்.

மார்ச்சிலேயே உனக்குத் தெரியும். அப்படித்தானே?

எனக்குச் சட்டம் சொல்லாதே. என் பிள்ளைக்கு மட்டும் தகவலை ஃப்ளாஸ்க்கில் அடைத்துக் கொடுத்துவிட்டு, தங்கைக்கு ஒரு மாதிரி ஊருக்கு ஒரு மாதிரி கிடையாது என்று எனக்கே எழுதுகிறாயே, கை கூசவில்லையா? வாண்டுவின் பக்கத்தில் உட்காருவாளே ஒரு ரெட்டைச்சடைக்காரி, அவள் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நேற்று பார்க்கப் போனேன். அவள் அம்மா கட்டிலுக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். "நான் என்னத்தக் குடுத்தேன்னே தெரியலயே" என்று தன்னையே அடித்துக்கொள்கிறாள். அவளுக்கு நகராட்சியில் அக்கா இல்லை.

போட்டிக்காரர்கள் கவிழ்த்துவிடுவார்களாம். பிள்ளைகள் கவிழ்ந்து கிடக்கிறார்கள், அதற்கு எந்தப் பிரிவு?

ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் எழுது. படிவம் வேண்டாம்.

எலி

*

ஜூலை 22

என் எலிக்கு,

ஆமாம்.

அறிக்கை பிப்ரவரிக் கடைசியில் என் மேஜைக்கு வந்தது. வாண்டுவின் பள்ளி உட்பட நான்கு பள்ளிகளின் தண்ணீரில் கழிவுநீர்க் கிருமி. ஃபில்டர்களைப் போன வருடம் முழுக்க மாற்றவே இல்லை. மெஷின்களை உடனே நிறுத்தலாம் என்று கோப்பில் எழுதியவள் நான்தான், நம்பு. மறுசோதனைக்குப் பின் முடிவு என்று மேலிடம் திருப்பி அனுப்பியது. மறுசோதனையை அதே கம்பெனிதான் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அவர்கள் இன்னும் செய்யவில்லை. நான் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.

வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அத்தான் கடையை மூடியதிலிருந்து வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. கடையில் நின்றேன், ஃப்ளாஸ்க் கண்ணில் பட்டது. இருந்ததிலேயே பெரியதாக எடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். உன்னை வளர்த்தவளாகக் கேட்கிறேன், என்னை அதற்கு மேல் கேட்காதே.

படித்ததும் இதைக் கிழித்துப்போடு. உன் வீட்டுக்காரரிடம்கூடக் காட்டாதே.

உன்
அக்கா

*

ஜூலை 24

பெறுநர்:
பொதுத் தகவல் அலுவலர்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: மூன்றாம் தரப்புக்கு அறிவிப்பு.

அம்மையீர்,

தாங்கள் 22ஆம் தேதியிட்டு எழுதிய கடிதம் என் வசம் பத்திரமாக உள்ளது. கிழிக்கவில்லை.

இன்று காலை பள்ளி வாசலில் நின்று, பிள்ளையை விட வந்த ஒவ்வொருவரிடமும் அந்த மெஷினில் குடிக்கவிட வேண்டாம் என்று சொன்னேன். இதற்கு நான் யாருடைய ஆட்சேபத்தையும் கேட்கவில்லை. அதே கம்பெனி மெஷின் உள்ள மற்ற பள்ளிகளுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன். சிலர் திரும்பி ஓடிப்போய் வீட்டிலிருந்து பாட்டில் எடுத்து வந்தார்கள். ரெட்டைச்சடைக்காரியின் அப்பா மட்டும் நகரவில்லை. "யார் சொன்னா உங்களுக்கு? எழுத்துல இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். காட்டச் சொன்னார். பைக்குள் கையை விட்டேன், எடுக்கவில்லை. வெறும் கையை வெளியே எடுத்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது தங்களுக்குச் சேர வேண்டியது.

எனவே, தங்கள் கடிதத்தைப் பெற்றோர் கூட்டத்தில் முழுமையாக வாசிக்க உத்தேசித்துள்ளேன். ஆட்சேபம் இருந்தால் பத்து நாட்களுக்குள் தெரிவிக்கவும். தங்கள் வேலையும் தங்கள் வீடும் தங்களுடைய நலன் என்பதை அறிவேன். எடைபோட்டுப் பார்ப்பேன். பொதுநலன் பெரிது என்று கண்டால் ஆட்சேபத்தை மீறி வாசிப்பேன். திருப்பி அனுப்ப எனக்கு மேலிடம் என்று யாரும் இல்லை.

அதற்குள் கறுப்பு மை பூசாத அறிக்கை தங்கள் கையாலேயே வெளியே வந்துவிட்டால், கடிதத்துக்குத் தேவை இருக்காது. அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

ஆட்சேபமானால் எழுத்தில், கையெழுத்துடன் அனுப்பவும். கையெழுத்தைச் சரிபார்க்க எனக்கு வேறு ஆள் தேவையில்லை.

இப்படிக்கு,
முதல் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்

இணைப்பு: ஃப்ளாஸ்க் ஒன்று. புது வாஷர் போட்டது.