ஈரமில்லா வீடு

அன்பு மகள் குட்டிமாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது, முழங்கால் மட்டும்தான் மாடிப்படியைப் பார்த்தால் முகம் சுளிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. போன் இருக்க இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் நீ சாப்பிட்டீங்களா என்பாய், சாப்பிட்டேன் என்பேன், மாத்திரை போட்டீங்களா என்பாய், போட்டேன் என்பேன், டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்த மாதிரி பேச்சு முடிந்துவிடும். இது அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நம் வாசல் கேட்டில் ஒட்டியிருந்ததே, நீ போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி உன் ஆபீஸ் ஆட்களுக்கெல்லாம் காட்டினாயே, அந்த ஸ்டிக்கரை நான் சுரண்டி எடுத்துவிட்டேன். கோபப்படாமல் முழுக்கப் படி.

உன் அம்மா இருந்த வரைக்கும் இந்த வீட்டில் குப்பை என்று ஒன்று உண்டாவதே எனக்குத் தெரியாது. சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து டூட்டிக்குப் போனவன் நான். அவள் போன பிறகு வெங்காயத் தோல், பால் கவர், பழைய பேப்பர், உடைந்த சீப்பு எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் திணித்து முடிச்சுப் போட்டு வெளியே வைத்தேன். குப்பை வண்டி ஓட்டி வரும் அம்மா அந்தப் பையை வாசலிலேயே பிரித்துக் கொட்டிவிட்டு, தனித்தனியா பிரிச்சு வைக்கத் தெரியாதா, இத்தனை வயசாச்சு என்று ஒரு பிடி பிடித்துவிட்டாள். மறுநாள் காலையில் விசில் ஊதிக்கொண்டு வந்தவள் கேட்டுக்கு வெளியே நின்று, ஐயா ஈரம் இருக்கா என்று சத்தம் போட்டாள். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவனிடம் ஈரம் இருக்கா என்று கேட்டால் எப்படி இருக்கும் சொல், எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. எனக்கு ஈரம் இல்லைன்னு உன்கிட்ட யார் சொன்னது என்று எகிறிவிட்டேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், காய்கறிக் குப்பையைக் கேட்டேன்யா என்றாள். அவர்கள் பாஷையில் ஈரம் என்றால் சமையல்கட்டுக் குப்பை, அவ்வளவுதான். உன் அம்மா போனபின் நானும் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அதிலிருந்து பழக்கமாகிவிட்டது. நிற்கவும் ஒரு விசில், கிளம்பவும் ஒரு விசில் ஊதுவாள், கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதினவன் முன்னால் இப்படி ஊதாதே, நிற்க ஒன்று, போக இரண்டு என்று சொல்லிக்கொடுத்தேன், அன்றிலிருந்து நம் தெருவில் குப்பை வண்டி ரூட் பஸ் மாதிரித்தான் போகிறது. ஆனால் குட்டிமா, ஈரம் போடுகிற என் பச்சைத் தொட்டியை அவள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, எந்த டாக்டரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. என்னய்யா வெறும் முட்டை ஓடாவே இருக்கு, காய் வாங்கலையா என்பாள். சோறு அப்படியே கிடக்கே, ஒரு ஆளுக்கு எவ்வளவு வடிக்கணும்னு இன்னுமா பிடிபடலை என்பாள். உன் அம்மா இரண்டு பேருக்கு அரிசி அளந்த அதே டம்ளரில்தான் நானும் அளக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியாது, சொன்னால் நீ பதறுவாய் என்று விட்டுவிட்டேன். தொட்டியில் ரொட்டித் துண்டு மட்டும் கிடந்ததைப் பார்த்துவிட்டு அவள் வண்டியை ஓரங்கட்டி வந்து கதவைத் தட்டினாள். எதிர் வீட்டு டெய்லரைக் கூப்பிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்ததும் அவள்தான்.

அப்புறம் நீ லீவில் வந்தாய், பின்கட்டில் உரத் தொட்டி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாய். நல்ல எண்ணத்தில்தான் வைத்தாய், நானும் என் மகள் சொன்னாளே என்று கண்ணும் கருத்துமாகச் செய்தேன். தோலைப் பொடியாக நறுக்கிப் போடுவதும், காய்ந்த இலையைத் தூவுவதும், குச்சியால் கிளறுவதும், நாற்றம் வருகிறதா என்று மூக்கை விட்டுப் பார்ப்பதும், ஒரு குழந்தையை வளர்க்கிற மாதிரிதான். குப்பை வண்டி ஆபீசிலிருந்து சூப்பர்வைசர் தம்பி வந்து பார்த்துவிட்டு, உரத்தைக் கையில் எடுத்து முகர்ந்து, இந்தத் தெருவுக்கே நீங்கள்தான் முன்மாதிரி என்று புகழ்ந்து தள்ளினார். ஈரக் குப்பை போடாத வீட்டுக்கு அவர்கள் ஆபீசில் அச்சடித்த பச்சை ஸ்டிக்கர் ஒன்றைக் கேட்டில் ஒட்டினார். அவர்கள் பேசுகிற பாஷையிலேயே அச்சடித்துவிட்டார்கள், ஈரம் இல்லா வீடு என்று கொட்டை எழுத்தில். அங்கே யாருக்கும் அது உறைக்கவில்லை போலிருக்கிறது. டெய்லர் படித்துவிட்டு, யாரை விரட்டிவிட்டீர்கள், கேட்டிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே என்று கேட்டார். நானும் சிரித்தேன், உனக்கு போட்டோவும் அனுப்பினேன், நீ சந்தோஷப்பட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளிலிருந்து வண்டி நம் வாசலில் நிற்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டின வீட்டில் நிற்கக்கூடாதாம், மிச்சமாகிற நேரத்துக்கு அவளுக்கு இன்னும் இரண்டு தெருவைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து கையை ஆட்டுவாள், இரண்டு விசில், வண்டி போய்விடும். அதில் தப்பே இல்லை. ஏறவும் ஆள் இல்லை இறங்கவும் ஆள் இல்லை என்றால் நானும் இரண்டு விசில்தான் கொடுத்திருக்கிறேன். காய்ந்த குப்பை எடுக்க வாரம் ஒரு முறை வேறொரு பையன் வருகிறான், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாட்டுக்குத் தலையாட்டியபடி பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவான், பையைக் கொடுத்தது மனுஷனா கம்பமா என்றுகூட அவனுக்குத் தெரியாது. உள்ளே போ உள்ளே போ என்று நாள் முழுக்கக் கத்தின தொண்டை என்னுடையது, இப்போது சாயங்காலம் கடையில் பால் கேட்கப் போனால் முதல் வார்த்தை கரகரவென்று வருகிறது, காலையிலிருந்து பேசவே இல்லை என்று அப்போதுதான் தெரிகிறது. உன்மேல் குறை சொல்லவில்லை குட்டிமா. தனியாக இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

போன வாரம் ஒரு வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தோலை உரத் தொட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டில் நின்றேன். வண்டி வந்தது, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையை நீட்டினேன். ஒரு விசில் கொடுத்து நின்றுவிட்டாள். ஸ்டிக்கரைப் பார்த்தாள், தோலைப் பார்த்தாள், உங்க தொட்டி என்னாச்சுய்யா என்றாள். நிரம்பிவிட்டது என்றேன், அதில் பாதிகூட நிரம்பவில்லை. தோலை வாங்கி வண்டியில் போட்டுவிட்டு, சரி, நேத்து என்ன சமைச்சீங்க என்று கேட்டாள். நான் வதக்கின கத்திரிக்காயிலிருந்து ஆரம்பித்து, உன் அம்மா எப்படி வதக்குவாள் என்பது வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன், டெய்லர் சம்சாரம் தன் தொட்டியோடு வந்து நின்று எங்களுக்கும் வண்டிதானே என்று சத்தம் போடுகிற வரைக்கும். மறுநாள் முட்டை ஓடு, அதற்கு மறுநாள் கறிவேப்பிலைக் காம்பு. விஷயம் சூப்பர்வைசர் காதுக்குப் போய்விட்டது. நேற்று வந்து, சார், உங்க தெருவுக்குக் கேடயம் தரப் போறோம், உங்களை மேடையேத்தறதா பேச்சு, நீங்க ஈரம் கொடுத்தா எப்படி, ஸ்டிக்கர் வேணுமா வண்டி வேணுமா நீங்களே சொல்லுங்க என்று பணிவாகத்தான் கேட்டார். நான் உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தேன், அவர் ஒரு நிமிஷம் பயந்தே போய்விட்டார். அவர் முன்னாலேயே சுரண்ட ஆரம்பித்தேன். நல்ல பசை போலிருக்கிறது, இல்லா வீடு என்பது மட்டும் உரிந்து வந்தது, ஈரம் என்னத்தைச் செய்தாலும் வரமாட்டேன் என்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உரத் தொட்டியை நான் கைவிடவில்லை, டீத்தூளும் காய்ந்த இலையும் அதற்கு, தோலும் ஓடும் வண்டிக்கு. வண்டியில் போவதையும் அங்கே உரமாகத்தான் ஆக்குகிறார்கள், கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதனால் உன் மனசு உறுத்த வேண்டாம். மேடையும் கேடயமும் போனது பற்றி உன் ஆபீஸ் ஆட்களிடம் என்ன சொல்வாயோ உன் சாமர்த்தியம். பாப்பா சோற்றை மிச்சம் வைத்தால் திட்டாதே, கொஞ்சமாகப் போட்டு மறுபடி கேட்கட்டும் என்று பழக்கு. மாப்பிள்ளையிடம் முதுகு வலியை அலட்சியம் செய்ய வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டு நிறைவாக இருக்க வேண்டும். இனிமேல் போன் செய்தால் மாத்திரையில் ஆரம்பிக்காதே, நேற்று என்ன சமைத்தீர்கள் என்று கேள், நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் வைக்காதே, இதை மறந்துவிடாதே. ஒரு விசில் கேட்கிறது. கேட்டில்தான் நிற்கிறாள், பச்சைத் தொட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஈரம் இருக்கிற வீட்டிலிருந்து,
உன் அப்பா