இடது காது

லுப்ளின் பக்கம், மாவு மில்
9 பிப்ரவரி 1864

அன்புள்ள ஹியெரோனிமுக்கு,

நலமா என்று கேட்கக்கூட மனம் இல்லை, நலமாக இருங்கள். ரஷ்ய ஜாருக்கு எதிரான கிளர்ச்சியிலிருந்து தப்பி வந்த நம் மகன் ஸெனோன், என் தம்பியின் மில்லில் வேறு பெயரில் மூட்டை தூக்குகிறான். ஜாரின் போலீஸ் சொந்தக்காரர் வீடுகளைச் சல்லடை போட்டுச் சலிக்கிறது. அவர்களிடம் அவன் பெயர்தான் இருக்கிறது, முகம் இல்லை. நீங்கள் வரைந்த அவன் படங்களை இன்றே எரித்துவிடுங்கள். தபாலை நம்பாமல் உப்பு வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் சலோமேயா

வார்ஸா
3 மார்ச்

என் சலோமேயா,

அவன் படங்கள் பதினொன்றையும் அடுப்பில் போட்டேன். தொட்டில் படத்தைப் போடும்போது அழுதுவிட்டேன்.

தேவாலயத்துக்குப் புனித யோவானை வரைகிறேன் அல்லவா? முகம் வரவே இல்லை. போன வாரம் தானாக வந்துவிட்டது. யார் முகம் என்று உனக்குத் தெரியும். யோவானுக்கு நீள முடி வைத்திருக்கிறேன், பயப்படாதே. என் ஓவிய வகுப்பில் மாணவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வரைந்து பழகுகிறார்கள். காதில்தான் கோட்டை விடுகிறார்கள். சிவப்புச் சுண்ணக்கட்டியால் நானே திருத்தித் தருகிறேன்.

உன் ஹியெரோனிம்

மாவு மில்
20 மார்ச்

பாவி மனிதரே,

படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த முகத்தைச் சுரண்டி எடுங்கள். ஸெனோனிடம் சொன்னால் சிரிக்கிறான். "நான் புனிதராம்மா? மூட்டை தூக்குறப்ப என் வாயில வர்றதை அவர் கேக்கணும்" என்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சலோமேயா

வார்ஸா
4 ஏப்ரல்

சலோமேயா,

சுரண்டிவிட்டேன். யோவானுக்கு இப்போது பாதிரியாரின் சமையல்காரர் முகம். மாணவர்களின் தாள்களையும் வாங்கி எரித்தேன். ஒன்று மட்டும் திரும்பவில்லை. "தொலைஞ்சு போச்சுங்கய்யா" என்றான் அதை வரைந்த மாணவன். வகுப்பிலேயே நல்ல கை அவனுடையது, நம்பிவிட்டேன். ஸெனோன் சாப்பிடுகிறானா?

உன் ஹியெரோனிம்

மாவு மில்
1 மே

ஹியெரோனிமுக்கு,

நேற்று வந்தார்கள். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு முகத்தோடும் ஒரு தாளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உங்கள் நல்ல கைக்காரன் கொடுத்ததாம். ஸெனோன் முகமெல்லாம் மாவாக நின்றான். அவனைத் தாண்டிக்கூடப் போய்விட்டார்கள்.

பிறகு அதிகாரி திரும்பி வந்து அவன் தலையைத் திருப்பி இடது காதைத் துடைத்தார். ஐந்து வயதில் நாய் கடித்துப் பிளந்த காது. தாளில் அந்தப் பிளவு சிவப்புக் கோட்டில் இருந்தது. உங்கள் கோடு எனக்குத் தெரியாதா?

சைபீரியாவுக்குக் கொண்டுபோகிறார்கள். வண்டியில் ஏறும்போது, "அப்பா நல்லாத்தான் வரைஞ்சிருக்காரு, சொல்லும்மா" என்றான்.

சொல்லிவிட்டேன். இனி உங்களிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

சலோமேயா