அக்காவிடம் சொல்ல வேண்டியது

இஞ்சருங்க,

பத்து மணிக்கு உங்கட அக்கா கொக்கட்டிச்சோலையில இருந்து வாறா. நான் ஏதோ நோய் வருத்தத்தில மெலியிறன் எண்டு நேற்று நீங்க போனில சொன்னத நம்பி, நண்டும் கொண்டு வாறாவாம்.

போன வருசம் அம்மன் சடங்கு விரதத்துக்கு விட்ட மீன்மச்சத்த நான் திரும்பத் தொடல்ல, அவ்வளவுதான். பட்டினி கிடக்கல்ல. சோத்தப் பாதியாக்கி, கீரையும் பயறும் கூட்டினன். மெதுமெதுவாப் பதினொரு கிலோ குறைஞ்சன். ஐம்பது வயசில இது வருத்தமில்ல, என்ட பிடிவாதம். அக்காட்ட அப்படியே சொல்லுங்க.

குரக்கன் பிட்டும் வல்லாரைச் சம்பலும் மூடி வெச்சிருக்கன், அவவுக்கும் குடுங்க. நண்ட நீங்களே ஆக்குங்க.

கிளினிக் கொப்பி மேசையில கிடக்கு. ரத்தத்தில சீனி குறைஞ்சத டொக்டர் எழுதியிருக்கார். நீங்களும் ஒருக்கா வாசிங்க.

சைக்கிளத் தேடாதீங்க, நான் கொண்டு போறன். நீங்க இறங்கித் தள்ளுற பாலத்து ஏத்தத்தில நான் இப்ப இறங்கிறதில்ல.