எண்ணுகிறவன் உட்கார்ந்த நாள்

1953 பிப்ரவரி 9, திங்கள்

காலை ஆறு மணிக்கு வெளியே பாரன்ஹீட்டில் பூச்சியத்துக்குக் கீழே பதினொன்று. சமையலறை அடுப்புக்கு நான்கு கட்டை, முன்னறைக்கு மூன்று.

வருடாந்திர ஊர்க்கூட்ட அறிவிப்பை மன்றத்துக் கதவில் ஒட்டிவிட்டார்கள். வாக்குக்கு விடப்போகும் பொருள்கள் பதினைந்து. பதினான்காவதை இரண்டு முறை படித்தேன். பள்ளியிலிருந்து பழைய கதைத்தொகுப்பை நீக்கவும், அதை நடத்தும் மிஸ் தேயரை அடுத்த ஆண்டு வேலைக்கு வைக்காதிருக்கவும் ஊர் சம்மதிக்கிறதா? அரசாங்கத்தை மதிக்காமல் இருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறதாம் அந்தப் புத்தகம்.

முப்பத்தொரு வருடம் அதை நடத்தியவன் நான். என் பெயர் அறிவிப்பில் இல்லை. நிம்மதியாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

பிப்ரவரி 10

தொல்லையெல்லாம் ஒரு கதையால்தான். எல்லா வீட்டுச் சன்னல்களும் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும் என்று கவர்னர் உத்தரவு போடுகிறார், அவருடைய ஆட்கள் உள்ளே பார்ப்பதற்காக. ஒரு விதவை மட்டும் மூடிவிடுகிறாள். அவளிடம் படைவீரர்கள் வருவதில்லை. அக்கம்பக்கத்தார்தான் வந்து கெஞ்சுகிறார்கள், திறந்துவிடு என்று.

'கவர்னருக்குப் பலம் யார் கொடுத்தது?' வருடா வருடம் தேர்வில் கேட்பேன். 'சன்னலைத் திறந்து வைத்தவர்கள்' என்று எழுதினால் முழு மதிப்பெண்.

நான் எந்தச் சன்னலை மூடியிருக்கிறேன்?

பிப்ரவரி 12, வியாழன்

மிஸ் தேயர் வந்தாள். என் மாணவி. கையுறையைக் கழற்றாமலே பேசினாள்.

பள்ளிக் குழுத் தலைவன் எல்பர்ட் ப்ராக்வேதான் இதைக் கொண்டுவந்தவன். ஊரில் பாதிப் பேர் அவனுடைய மர அறுவை மில்லில் வேலை செய்கிறார்கள். வாய்ச்சொல் வாக்கு என்றால் அவன் காதில் விழும்படி யார் 'இல்லை' என்பார்கள்? ஆனால் முடிவில் சந்தேகம் என்று ஏழு பேர் எழுந்து நின்றால் சீட்டில் எழுதிப் போட வேண்டும். எங்கள் வெர்மாண்ட் மாநிலத்தில் அது சட்டம்.

"ஆறு பேர் இருக்கோம் சார். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். எழுந்து நின்னாப் போதும்."

"கூட்டத்துல நான்தான் கையெண்ணுறவன் ஆச்சே. எப்படியும் நின்னுக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றேன்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 13

இங்கே மட்டுமாவது எழுதி வைக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அந்த வேலையை நான் கேட்டு வாங்கியதற்குக் காரணம், சுவரோரம் நின்று கைகளை எண்ணுகிறவன் தன் கையைத் தூக்கினானா என்று யாரும் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

பனி பதினாறு அங்குலம். எல்பர்ட் வழக்கம்போல் தன் பனி தள்ளும் லாரியைக் கொண்டுவந்து எங்கள் பாதையைச் சுத்தம் செய்தான். அக்கா லவினியா காபி கொடுத்தாள்.

"அந்தச் சன்னல் கதைக்கு எனக்கு நாப்பது மார்க் போட்டீங்களே சார், ஞாபகம் இருக்கா?"

"முப்பத்தெட்டு."

உரக்கச் சிரித்தான். கிளம்பும்போது என் தோளில் கை வைத்து, "உங்களுக்கு வயசாயிடுச்சு. கூட்டத்துல எண்ணிட்டு வீட்டுக்கு வந்து சேருங்க" என்றான். அன்பாகத்தான் சொன்னான். நான் தலையாட்டினேன்.

அவன் போனதும் அக்கா, "முப்பத்தெட்டே அதிகம்டா லெம்" என்றாள்.

மார்ச் 3, செவ்வாய். ஊர்க்கூட்டம்

வரிசையாக எழுதுகிறேன். இல்லையென்றால் பிறகு மாற்றி நினைத்துக்கொள்வேன்.

பதின்மூன்று பொருள்கள் மதியத்துக்குள் முடிந்தன. பெண்கள் சுட்ட பீன்ஸும் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரமும் பரிமாறினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பதினான்காவது. எல்பர்ட் முன் பெஞ்சில் எல்லா முகங்களும் தெரியும்படி திரும்பி உட்கார்ந்தான்.

'சம்மதம்' இடிபோல் விழுந்தது. 'இல்லை' அங்கொன்றும் இங்கொன்றும்.

மிஸ் தேயர் எழுந்தாள். "எனக்குச் சந்தேகம். சீட்டு வேணும்."

கூட்டத் தலைவர் ஸ்டாடார்ட், "ஏழு பேர் எழுந்திருங்க. சார், எண்ணிச் சொல்லுங்க" என்றார்.

எண்ணினேன். மிஸ் தேயர். பாதிரியார். டாக்டரின் மனைவி. பால்பண்ணைச் சகோதரர்கள் இருவர். ஆறாவது, சமையலறை வாசலில், ஏப்ரனோடு, வலிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அக்கா. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

"எத்தனை?"

"ஏழு."

"ஏழாவது யாரு?"

"நான்."

சிரித்தார்கள். எல்பர்ட்டும் சிரித்தான். "சார் வருஷா வருஷம் நிக்கிறவர்தானே! அதெல்லாம் கணக்கா?"

நியாயமான கேள்வி. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். கதகதப்பாக இருந்தது. அப்படியே இருந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். கிழவனுக்குக் கால் வலி, அவ்வளவுதான்.

எழுந்தேன்.

"இப்ப?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டாடார்ட் என் பக்கம் விரல் நீட்டினார். "ஏழு" என்றார்.

சீட்டுகளை வேறு இருவர் எண்ணினார்கள். சம்மதம் ஐம்பத்தெட்டு. இல்லை எழுபத்தொன்று.

எல்பர்ட் என்னைப் பார்க்கவில்லை. வரிசை வரிசையாக மற்ற முகங்களைப் பார்த்தான் — யார் யார் என்று. ஒரு முகத்திலும் எதுவும் தெரியவில்லை. எல்லாச் சன்னலும் மூடியிருந்தது.

மார்ச் 6

பனி ஒன்பது அங்குலம். லாரி வரவில்லை. நானே அள்ளினேன். ஒன்றேகால் மணி நேரம்.

மார்ச் 19

மில்லில் இரண்டு பேரை எல்பர்ட் வேலையை விட்டு நிறுத்திவிட்டானாம். சீட்டில் பெயர் கிடையாது, அவனாக ஊகித்திருக்கிறான். அதில் ஒருத்தர் 'சம்மதம்' போட்டவராம், அக்கா சொல்கிறாள்.

நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு வேலை இருந்திருக்கும். இருந்திருக்குமா? மிஸ் தேயருக்கு இருந்திருக்காது. கூட்டிக் கழித்துப் பார்க்கிற விஷயமா இது? தெரியல. ராத்திரியெல்லாம் அதே நினைப்புதான். தெரியல.

மார்ச் 22

அந்த இருவரையும் பால்பண்ணைச் சகோதரர்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பனி உருகும் வரைக்கும்தான்.

1954 மார்ச் 2, செவ்வாய்

பூச்சியத்துக்கு மேலே இருபது. வெயில்.

எண்ணுவதற்கு இந்த வருடம் என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாம் பெஞ்சில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் மன்றம் சின்னதாக இருக்கிறது.

ஒன்பதாவது பொருள்: வயதானவர்களின் பாதைகளுக்கென்று ஊரே ஒரு பனியள்ளும் வண்டி வாங்கலாமா? எல்பர்ட் முன் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்திருந்தான். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன்.

புதிதாக எண்ணுகிறவள் சுவரோரமாக வந்தாள். எங்கள் பெஞ்சருகே நின்றாள். மிஸ் தேயர்தான், விரலில் சாக்பீஸ் தூள்.

"கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க சார். தெரியல."

தூக்கினேன்.