கடற்படை நீலம்

பிப்ரவரி 9
இன்று கிழங்கு நன்றாகப் போனது. மதியம் யெசீனியா தையல் கடையிலிருந்து நேராக என் கடைக்கு வந்து நின்றாள்.

"அம்மா, டிக்கெட் போட்டாச்சு. உனக்கு, எனக்கு, நெமேசியா அம்மாவுக்கு. பிளேன்ல. சிலியில இகிகேன்னு ஒரு ஊரு, கடற்கரையில. அப்பா போயி ஒரு வருஷம் முடியற அன்னைக்கு நாம அங்க இருப்போம்."

யாருக்குக் கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது.

எங்கள் எல் ஆல்டோ சந்தைக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். சத்தம் வந்தால் பேச்சை நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்தில் தொடங்குவோம். என் இலாரியோன் ஏர்போர்ட் வாசல்வரை வேன் ஓட்டியே காலம் தள்ளியவர். வாசலுக்கு உள்ளே போனதில்லை. மகள் எங்களை உள்ளே கூட்டிப்போகிறாள்!

பிப்ரவரி 10
தூக்கம் வரவில்லை என்று விடியும் முன்பே எழுந்து எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். அவர் போன பிறகு சாயங்காலம் பேச ஆள் இல்லை, அதனால் எழுதப் பழகினேன்.

நம் நாட்டுக்குக் கடற்படை உண்டு, கடல்தான் இல்லை. வேன் ஓட்ட வருமுன் அவர் அதில் இருந்தவர். ஏரியில் படகு விட்டார். அது போதாதா? வருடா வருடம், பறிபோன கடலை நினைக்கும் கடல் நாள் ஊர்வலத்தில் அந்த நீலக் காலர் சட்டையைப் போட்டு மார்பை நிமிர்த்தி நடப்பார். "மாலுமியாரே, கடலு என்ன நெறம்னாவது தெரியுமா?" என்று சந்தையில் கேலி செய்வார்கள். "அது வரட்டும், சொல்றேன்" என்பார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய் நிற்பேன். இன்னார் மனைவி என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே.

போன வருடம் ஊர்வலத்துக்கு முந்தின நாள் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கே போய்விட்டார். அதையே போட்டு அனுப்பினோம். தொப்பியை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 14
நெமேசியா அக்கா வர மாட்டாளாம். பக்கத்துக் கடைக்காரி, என் மகளுக்கு ஞானத்தாய். வருடம் முடிந்ததும் என் துக்கக் கறுப்பைக் கழற்றும் பொறுப்பை அடக்கத்தன்றே ஏற்றுக்கொண்டவள். இப்போது கத்துகிறாள்.

"ஏண்டி செவெரினா, புத்தி இருக்கா ஒனக்கு? நம்ம கடலப் பறிச்சுக்கிட்டவன் ஊருக்கா உல்லாசமா போற? அதுவும் கறுப்புத் துணியோட? வீட்டுல பேண்டு வெச்சு, பீரு வாங்கி, நாலு பேரு முன்னால கழட்டறதுதான் மொற."

"அவருக்குக் கடல் பாக்கணும்னு ஆசைக்கா."

"அவரு செத்துட்டாருடி!"

நான் கிழங்கை அடுக்கினேன்.

பிப்ரவரி 15
கறுப்பை நாமே கழற்றக் கூடாது. மகளும் கறுப்பில் இருப்பதால் அவளும் கழற்றக் கூடாது. பொறுப்பேற்றவர் வந்து கழற்றி, தான் கொண்டுவந்த நிறத்தை உடுத்திவிட வேண்டும். என்ன நிறம் என்று நாம் கேட்கவும் கூடாது. அக்கா வராவிட்டால் கடல்வரை போய்க் கறுப்போடேதான் திரும்ப வேண்டும். கடலா, அக்காவா? அவர் இருந்தால் என்ன சொல்வார் — கடல் என்பார். கட்டாயம் கடல் என்பார்.

போகிறேன்.

மார்ச் 2
அக்கா இன்னும் பேசவில்லை. ஆனால் மழை வந்தபோது என் கடைத் தார்ப்பாயையும் அவளே இழுத்துக் கட்டினாள்.

மார்ச் 21
இகிகே. என்னால் நம்ப முடியவில்லை.

காலையில் ஏர்போர்ட் வாசலில் கால் நின்றுவிட்டது. அவர் வேனைத் திருப்பும் இடம் அது. யெசீனியா கையைப் பிடித்தாள். நிமிர்ந்து உள்ளே போனேன். அங்கே, எங்களுக்கு முன்பே, முதுகில் மூட்டையோடு நெமேசியா அக்கா! முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்ன பாக்கற? பயம்டி. மொறையாவது மண்ணாங்கட்டியாவது. முப்பது வருஷமா ஒவ்வொரு பிளேனும் என் கடை மேலதான் விழப்போவுதுன்னு நெனச்சுக்கிட்டே யாவாரம் பண்றேன். இப்ப அதுக்குள்ளயே ஏத்துறீங்களே, நல்லாருப்பீங்களா?"

விமானத்தில் பணிப்பெண் எங்கள் தலையிலிருந்த வட்டத் தொப்பிகளை மேலே வைக்கட்டுமா என்று கேட்டாள். "மடியில வெச்சுக்கறோம் கண்ணு, நசுங்கிடும்" என்றேன். அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை. நான் ஜன்னல் பக்கம். எங்கள் சந்தை ஒரு கைக்குட்டை அளவுக்குக் கீழே கிடந்தது.

இறங்கியதும் சோதனை. அக்கா மூட்டையில் அவித்த சூன்யோக் கிழங்கும் பாலாடைக்கட்டியும். சாப்பாட்டுச் சாமான் நாட்டுக்குள் வரக் கூடாதாம். அதிகாரி நல்ல பையன், பணிவாகத்தான் குப்பைத் தொட்டியைக் காட்டினான்.

"தூக்கிப் போடவாய்யா விடியக்காலம் எந்திரிச்சு அவிச்சேன்?" என்று அக்கா அங்கேயே மூட்டையைப் பிரித்தாள். மூவரும் நின்றபடியே கடைசிக் கிழங்குவரை தின்று தீர்த்தோம். அவனுக்கும் நீட்டினாள். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றான். எதையும் தொட்டியில் போடாமல், வயிறு நிறைய வைத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்குள் நுழைந்தோம்.

மார்ச் 22
கடல்.

எழுத வரவில்லை. சத்தம்தான் முதலில் வந்தது. விமானம் வருகிறது என்று நினைத்துப் பேச்சை நிறுத்திவிட்டோம் மூவரும். அது நிற்கவே இல்லை. அப்புறம்தான் புரிந்து சிரித்தோம்.

மேகம் கவிந்த காலை. மணலில் அக்கா என் முன்னால் நின்று கறுப்புச் சால்வையை எடுத்தாள். கறுப்புப் பாவாடைக்கு மேலே புதுப் பாவாடையைச் சுற்றிக் கட்டி, உள்ளே இருந்ததை உருவினாள். பிறகு யெசீனியாவுக்கும். எனக்குக் கொண்டுவந்தது நீலம். அவர் காலரின் அதே நீலம்! சட்டைதான் அவரோடு போய்விட்டதே, எதை வைத்து இவ்வளவு சரியாகப் பார்த்து வாங்கினாள்?

"கடலு இந்த நெறம்தான்னு நெனச்சேன்" என்றாள். எதிரே கடல் சாம்பலாகக் கிடந்தது. வெறித்துப் பார்த்தாள். "சரி போ. கடலுதான் தப்பான நெறத்துல இருக்கு."

ஒரு வருடமாக அடக்கிய அழுகை அப்போதுதான் வந்தது. ஐயோ இலாரியோன், வந்துட்டேன் பாருய்யா, ஒன் கடலுக்கு வந்துட்டேன் — சத்தம் போட்டே சொன்னேன். முழங்கால்வரை இறங்கி அவர் தொப்பியைத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். விரலை நக்கிப் பார்த்தேன், உப்புக் கரித்தது.

மார்ச் 23
இன்று கடல் நாள். அங்கே ஊர்வலம் போகும். இங்கே நாங்கள் மூவர் மட்டும், கரையோரமாக, மார்பை நிமிர்த்தி நடந்தோம். தொப்பி என் கையில்.

ஏப்ரல் 4
சந்தை. விமானம் வந்தால் இப்போது அக்கா பேச்சை நிறுத்துவதில்லை. அண்ணாந்து பார்த்து, "சக்கரத்த எறக்கிட்டான், நல்ல ஓட்டுநருதான்" என்கிறாள்.

கிழங்கு வாங்க வந்த ஒருத்தி என் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். "நெறம் நல்லாருக்கே, என்ன நீலம் இது?"

நான் வாயைத் திறக்கும் முன் பக்கத்துக் கடையிலிருந்து பதில் வந்தது. "கடற்படை நீலம். இவ வீட்டுக்காரரு மாலுமி. கடலப் பாத்தவரு."

நான் மறுக்கவில்லை. ஒரு கிழங்கு கூடுதலாகப் போட்டேன்.