டீச்சர் வரும்போது டிவி வேண்டாம்

பாப்பா அப்பாவுக்கு,

பல் பிடுங்கப் போகிறேன்; இனியும் தள்ளிப்போட முடியாது. திரும்பி வரும்போது வாயில் பஞ்சு இருக்கும், சண்டை போட முடியாது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

சிறப்புப் பள்ளியில் புது வகுப்பறைகள் கட்டி, இன்னும் சில பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அதற்காகத்தான் பாப்பாவைப் பார்க்க இன்று டீச்சர் வீட்டுக்கு வருகிறார். போன தடவை மாதிரி அவளுக்குப் பழக்கிவைத்த பாட்டைப் பாடவைத்து, "எங்க பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லீங்க"ன்னு பெருமை பேசாதீர்கள். அவரும் அதை நம்பி, இருந்த ஒரே இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து நானும் அவளும் இந்த வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறோம். உங்களுக்காவது ஆபீஸ் இருக்கிறது.

குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சாதத்தில் பட்டால் தட்டைத் தள்ளிவிடுவாள்.

கதவு பூட்டியே இருக்கட்டும். திறந்தால் நேரே ரோட்டுக்கு ஓடுவாள். சாவி அரிசி டப்பாவுக்குள். அவள் பார்க்க எடுக்காதீர்கள்.

நேற்று நான் கத்தியதில் ஒரு வார்த்தையையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. காபி பிளாஸ்கில் இருக்கிறது, சூடாகக் குடியுங்கள்.

பி.கு.: நான் கிளம்பியதும் கதவைத் தட்ட ஆரம்பிப்பாள். கை சிவக்கும்வரை நிறுத்தமாட்டாள். வழக்கம்போல டிவி சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள். டீச்சர் கேட்கட்டும். அவர் வரும்வரை நீங்களும் கேளுங்கள்.